மேரி அக்கா குடித்த தண்ணீர்

கொட்டாஞ்சேனையிலிருந்து மேரி அக்காவின் தங்கை மகள் அழைத்தாள். "பெரியம்மா காலையில மோசம் போயிட்டா," என்று சாவுச் செய்தி சொல்லி அழுதவள், "அவவிட செடியளுக்கு நான் தண்ணி ஊத்தட்டா?" என்று கேட்டாள். இலையில் படாமல் ஊற்றச் சொல்லிவிட்டுத்தான் நான் அழுதேன்.

வெள்ளவத்தை மாடிவீட்டில் அவரோடு பழகிய உங்களுக்கு அந்த ஆபிரிக்கன் வயலட்டுகளைத் தெரியும். கிழக்குச் சன்னலில், சின்னத் தயிர்ச் சட்டிகளில், ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். மேலே தண்ணீர் தெளித்தால் ஏச்சுத்தான். "இதுகள் காலால குடிக்கிற பிள்ளையள்," என்பார்.

யுத்த காலத்தில், யாழ்ப்பாண அடையாள அட்டையைக் கண்டதும் பலர் எனக்கு அறையில்லை என்றார்கள். மேரி அக்கா அட்டையைக் கேட்கவே இல்லை. வெளிச்சமுள்ள அறை செடிகளுக்கு, மற்றது உனக்கு என்றார். அந்த இருட்டறையில் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒருமுறை தங்கை வீட்டில் சில நாள் தங்கப் புறப்பட்டார். என்னிடம் விட்டால் ஊற்றியே அழுகவைப்பேன் என்று பயம். ஜாம் போத்தல்களின் வாயில் சட்டிகளை உட்காரவைத்து, செடி தானே உறிஞ்சிக் குடிக்க, மண்ணிலிருந்து அடித்துளை வழியாகப் போத்தலுக்குள் கறுப்பு நைலோன் நூலைத் திரியாக இறக்கினார். போத்தலில் தேயிலைச் சக்கை கழுவிய தண்ணீர். அதுதான் அவருடைய உரம். பையைத் தூக்கும்போது ஆமி சோதனைக்கு வந்துவிட்டது.

சன்னலில் வரிசையாகப் போத்தல்கள், கபில நிறத் திரவம், உள்ளே கறுப்பு நூல். குண்டென்று நினைத்து ஒருவன் துவக்கை நிமிர்த்தினான். மற்றவன் என் அட்டையைப் பார்த்துவிட்டு, என்னைக் கீழே வண்டிக்கு நடக்கச் சொன்னான். எனக்குச் சிங்களம் வரவில்லை.

மேரி அக்கா பையை வைத்தார். "வத்துர, மாத்தயா," என்றார். வெறும் தண்ணீர்தான் ஐயா என்று. அவர்கள் நம்பவில்லை. ஒரு சட்டியைத் தூக்கி வைத்தார், நூலை உருவினார், போத்தலை வாயில் வைத்து அடிவரை குடித்தார். பிறகு அடுத்த போத்தலையும் எடுத்தார். போதும் என்று அவன்தான் கையைக் காட்டினான். அட்டை என் கைக்குத் திரும்பி வந்தது.

அவர்கள் படியிறங்கியதும், "சீனி போட்டிருக்கலாம்," என்றார். நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அன்றே திரிகளைக் கழற்றினார். அதன்பின் நான் அங்கே இருந்தவரை ஓரிரவும் வெளியில் தங்கவில்லை. தங்கைதான் வெள்ளவத்தைக்கு வந்துபோனார். செடிகளுக்காக என்றார். எனக்காக என்று எனக்குத் தெரியும்.

அவர் தந்த ஓர் இலையிலிருந்து வந்த செடி என் சன்னலில் இருக்கிறது. நாளை இறுதிச்சடங்குக்குப் போகவேண்டும். அங்கே சில நாள் நிற்பேன். அதனால் ஒரு ஜாம் போத்தலில் தேயிலைத் தண்ணீர் நிரப்பி, கறுப்பு நூலை இறக்கியிருக்கிறேன். யாரும் கேட்கப்போவதில்லை. கேட்டால், குடித்துக் காட்டுவேன்.