அவர் தேறிவந்த வியாழக்கிழமைகள்

கணவர் இறந்த பிறகும் ஜெராக்ஸ் அக்கா வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அது வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான கூட்டம். ஆஸ்பத்திரி மாடியில், பிசியோதெரபி அறையில், பிற்பகலில் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். ஆலோசகர் மேடமும் அந்த வட்டத்திலேயே ஒருவராக உட்காருவார். "நோயாளியப் பத்தி அப்புறம். முதல்ல நீங்க எப்படி இருக்கீங்க?" என்று தொடங்குவார். "நேத்து நல்லாத் தூங்கினாங்க மேடம்" என்று பதில் வரும். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. நெடுநாள் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு 'நான்' என்பது மெல்ல இடம் மாறிவிடுகிறது.

அக்காவின் கடை ஆஸ்பத்திரிக்கு எதிரே. ஸ்கேன் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு என்று ஊரார் நோயெல்லாம் இயந்திரத்திலிருந்து சூடாக அவள் கையில் வந்து விழும். கணவருக்கு நுரையீரல் சுருங்கிப்போகும் நோய். வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் இயந்திரம் வீட்டில் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். அவர் போனதும் கம்பெனி ஆள் வந்து அதைத் தூக்கிப் போனான். அதன் பிறகுதான் குழாய் சொட்டுவதுகூடக் காதில் விழத் தொடங்கியது.

அடுத்த வியாழன் விடைபெறத்தான் போனாள். இழந்தவர்களுக்குச் சனிக்கிழமை வேறு கூட்டம் உண்டு. அங்கே போனவர்கள் இங்கே திரும்புவதில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள், மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர் முந்திக்கொண்டாள்.

"என்னக்கா, உங்க வீட்டு மகாராஜா இன்னைக்குச் சண்டை போடாம அனுப்பிட்டாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளோடு சேர்ந்து நாலு பேர் சிரிக்கிற இடம் அது ஒன்றுதான்.

"எங்க! ரிமோட்ட மட்டும் குடுக்க மாட்டேங்குறாரு" என்றாள்.

வீட்டிலேயே இறந்தவர் என்பதால் மேடத்துக்கும் விஷயம் தெரியவில்லை. ஒரு பொய் சொன்னால் ஒன்பது சொல்ல வேண்டும். இறந்தவரால் இனி மோசமாக முடியாது. எனவே வாராவாரம் அவர் கொஞ்சம் தேறினார். ஜன்னல் வரை நடந்தார். பிறகு பாத்ரூம் வரை.

கூட்டத்தில் ஒரு வேன்காரர் உண்டு. அவர் மனைவிக்கும் அதே நோய். ஒரு வியாழன், அறைக்கு வெளியே அக்காவை நிறுத்தினார்.

"அக்கா, வெளியூர் லோடு ஒண்ணு வந்திருக்கு. போயிட்டு வர ரெண்டு வாரம் ஆகும். கொழுந்தியா பாத்துக்கிறேங்குது."

"வீட்ல எப்படி இருக்காங்க?"

"பேசினாலே மூச்சு வாங்குது. நகமெல்லாம் நீலமா இருக்கு. நேத்து நாள் பூராத் தூக்கம். உங்க வீட்டுக்காரரும் இப்படித்தானே கெடந்தாரு? இப்ப நடக்குறாருல்ல! அதான் தைரியமா ஒத்துக்கிட்டேன்."

நீல நகத்துக்கும் நாள் முழுக்கத் தூக்கத்துக்கும் அடுத்து என்ன என்று அக்காவுக்குத் தெரியும். உள்ளேயிருந்து டீச்சரின் குரல் வந்தது: "அக்கா, சீக்கிரம் வாங்க, உங்க சீட்டு போயிரும்!"

"போகாதீங்க தம்பி."

"கெளம்பும்போதே குறுக்க நிக்கிறீங்களேக்கா" என்று சிரித்தார்.

"அவர் நடக்கல."

"மறுபடி படுத்துட்டாரா?"

"போயிட்டாரு. நகம் நீலமான அந்த வாரமே போயிட்டாரு. சொன்னா இங்க வர முடியாதேன்னு நான்தான் சொல்லல."

வேன்காரர் கையிலிருந்த வேன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"ஒவ்வொரு வியாழனும் வீட்டுக்குப் போய் அவகிட்ட சொல்வேன்க்கா. அவரு ஜன்னல் வரைக்கும் போனாராம், நீயும் போவடின்னு. அவளும் எந்திரிச்சு உக்காரப் பாப்பா."

மன்னிப்பு நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் அவர்தான் தனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று விழுங்கிக்கொண்டாள். அத்தனை வாரங்களில் அவள் செய்ததில் மெச்சத்தக்கது அது ஒன்றுதான்.

அவர் போனை எடுத்தார். "அண்ணே, லோடுக்கு வேற ஆளப் பாருங்க. இல்லண்ணே, நான் வீட்ல இருக்கணும்." பேசிக்கொண்டே படி இறங்கிப் போய்விட்டார்.

அக்கா உள்ளே போனாள். உட்காரவில்லை. நின்றபடியே எல்லோரிடமும் சொன்னாள். டீச்சர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுக்கமாகத்தான் இருந்தது. பார்வை மட்டும் வேறு எங்கோ இருந்தது. அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒருவர் படுத்துக் கிடந்தார். அந்த அறைக்குள் வரக் கூடாத செய்தியை அவள் கொண்டுவந்துவிட்டாள்.

மேடம் அவளை மாடிப்படி வரை அழைத்து வந்தார். கோபிக்கவில்லை.

"சனிக்கிழமை காலைல வாங்க. இதே ரூம்தான்."

"யாரு இருப்பாங்க மேடம்?"

"நீங்க பாத்திராதவங்க."

"சரி மேடம்."

பாதிப் படி இறங்கியபோது மேலே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. விட்டுப்போன இடத்தை அடைக்க எல்லோரும் கொஞ்சம் நெருங்கி உட்காருகிறார்கள். அது ஓயும் வரை அவள் சுவரில் கைவைத்து நின்றாள்.