மலைச்சாமியின் வலது சிறுநீரகம்

அய்யலூர் ஆட்டுச் சந்தையில் மலைச்சாமியின் விரல்களுக்கு மரியாதை உண்டு. துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே விலை முடிக்கிற தரகர் அவர். கறிக்கடைக்காரர் வாங்கிய ஆட்டின் முதுகில் ஒரு சாயக்கோடு விழும். கோடு விழுந்த ஆட்டை மலைச்சாமி அப்புறம் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்.

கல் அடைத்து அவருடைய இடது சிறுநீரகம் செத்துப்போயிருந்தது. அதை எடுத்துவிடத் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் படுத்தார். காலையில் பயிற்சி மருத்துவர் வந்து இடது விலாவுக்குக் கீழே ஊதா மையால் ஒரு கோடு போட்டார். எதற்கென்று சொல்லவில்லை.

மனைவி பேச்சியம்மாள் சிரித்தாள். "உங்களையும் யாரோ விலை முடிச்சிட்டாங்க போல."

"வெட்டுக்குப் போற கெடாவுக்குப் போடுறதுடி இது. அழி மொதல்ல."

அவள் தேங்காயெண்ணெய் தொட்டு, முந்தானையால் தேய்த்து அழித்தாள்.

மூடநம்பிக்கை என்று இவர்களைத் திட்டலாம். ஆனால் பட்டிக்காட்டான் பயம் மையைத்தான் அழித்தது. மிச்சத்தைப் படித்தவர்கள் செய்தார்கள்.

கத்தி வைக்கும் முன் எல்லாரும் நின்று, நோயாளி யார், எந்தப் பக்கம், குறி இருக்கிறதா என்று உரக்கக் கேட்டுச் சரிபார்க்க ஒரு பட்டியல் உண்டு. மலைச்சாமிக்கு அறுவை செய்யவிருந்த மருத்துவர் அருளப்பன் இங்கிலாந்தில் வேலை பார்த்தபோது அதை ஒருநாளும் விட்டதில்லை. குறி இல்லாத நோயாளியை அங்கே வார்டுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். இங்கே அன்றைய நோயாளிகள் எல்லாருக்கும் நர்ஸ் ஏஞ்சலின் காலையிலேயே அந்தப் பட்டியலில் மொத்தமாக டிக் போட்டு வைத்துவிட வேண்டும்; அவருடைய உத்தரவு அது. ஸ்கேன் படத்தை யாரோ இடம்வலமாகத் திருப்பி மாட்டியிருந்தார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. வலதுபக்கம் திறந்து, நல்ல சிறுநீரகத்தை எடுத்தார்கள்.

கண் விழித்த மலைச்சாமி இடுப்பைத் தடவிப் பார்த்தார்.

"ஏ பேச்சி, இந்தப் பக்கம் நல்லாத்தானடி இருந்துச்சு?"

விதி என்றார்கள் சொந்தக்காரர்கள். விதிக்கு ஸ்கேன் படம் மாட்டத் தெரியாது. "குறியை அழிச்சது நீங்கதானே?" என்றது நிர்வாகம். சந்தை போயிற்று, டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறிக் கை வீங்கிக் கிடந்தது.

ஒருநாள் அருளப்பன் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அம்மாவோட கிட்னி பொருந்துதான்னு பாக்கலாம். பொருந்துச்சுன்னா நீங்க பழையபடி சந்தைக்குப் போகலாம். நம்ம ஆஸ்பத்திரியே சலுகையில ஏற்பாடு பண்ணும்."

"சீமையில யாருக்காச்சும் இப்படிப் பக்கம் மாத்தி எடுத்தீங்களா டாக்டரு?" என்று கேட்டார் மலைச்சாமி.

"அங்க விடமாட்டாங்கய்யா." கொஞ்சமும் கூச்சமில்லாமல் வந்தது பதில்.

மலைச்சாமி எழுந்தார். "வா பேச்சி, போவோம். உன்னையும் இவுங்க கத்திக்குக் குடுக்க மாட்டேன்."

அவள் எழவில்லை. "நாந்தானே அழிச்சேன்? இந்தக் கைதானே அழிச்சது? நாந்தான் குடுக்கணும்."

இல்லையம்மா, தப்பு எங்களுடையது என்று சொல்ல அருளப்பனுக்கு ஒரு மூச்சு போதும். அவர் சம்மதப் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தி, பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.