ஸ்டெல்லா வீட்டு எண்ணெய்

அடுத்தவர் வீட்டு அடுப்படியில் எவ்வளவு எண்ணெய் செலவாகிறது என்று கேட்டு எழுதுவதற்குச் சம்பளம் உண்டு என்றால் என் சொந்தக்காரர்களே நம்பவில்லை. உணவு ஆராய்ச்சியில் களப்பணியாளன் என்று அந்த வேலைக்குப் பெயர். தோளில் ஒரு பை, காலில் தேய்ந்த செருப்பு, முகத்தில் ஒரு சிரிப்பு. மக்கள்தொகை கணக்கெடுத்தவர்கள், இன்சூரன்ஸ் பிடித்தவர்கள், சொட்டு மருந்து கொடுத்தவர்கள் என்று வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பிழைத்த எல்லோருக்கும் இது புரியும். எந்தத் தெருவில் நாய் துரத்தும், எந்தத் தெருவில் தண்ணீர் கொடுப்பார்கள் என்பதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்குத்தானே தெரியும்?

இதில் ஸ்டெல்லா என்ற பெண்மணி சொன்ன ஒரு விஷயம் வருகிறது. பல வருஷங்களாக அதை நான் பாதி நம்பினேன், பாதி நம்பவில்லை. அப்படியே காலம் போயிருக்கும். போன மாதம் இதய மருத்துவர் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்திருக்கிறது, சமையல் எண்ணெயில் கவனமாக இருங்கள் என்றார். வீட்டுக்கு வந்தேன். என் மனைவி வசந்தா கையில் மளிகைப் பையோடு நின்றுகொண்டு கேட்டாள். "ஊருக்கே எண்ணெய் குடுத்து ஆராய்ச்சி பண்ணீங்களே, நமக்கு எதை வாங்கட்டும்?" எனக்குத் தெரிந்த ஒரே பதில், ஸ்டெல்லா சொன்னது உண்மையாக இருந்தால்தான் உண்மை. அதனால் நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

எங்கள் முதல் கேள்வி இதுதான். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை வாயில் போட்டதையெல்லாம் சொல்ல வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். நீங்களே இப்போது உங்களைக் கேட்டுப் பாருங்கள், நேற்று மதியம் என்ன பொரியல் என்று.

படப்பையில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர். அப்போதுதான் சவாரி முடித்து வந்து வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். என்னோடு வந்த செல்வி, ரத்தம் எடுக்கும் நர்ஸ், பொறுமையாகக் கேள்வியைக் கேட்டாள். அவர் வெகுநேரம் யோசித்தார். காலையில் டீ, பன், அதற்கு மேல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கடைசியில் உள்ளே பார்த்து, "ஏய், நேத்து நானு இன்னா துன்னேன்?" என்று கத்தினார். உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. பிறகு நிதானமாக அவர் மனைவியின் குரல் வந்தது.

"எந்த வூட்ல துன்னத கேக்குற?"

அளவுக் கரண்டி

எங்கள் பையில் பளபளவென்று அளவுக் கரண்டிகள் இருக்கும். எந்தக் கரண்டியில் எத்தனை கரண்டி எண்ணெய் என்று சமைப்பவர் காட்ட வேண்டும். பெண்கள் அதை வாங்கிப் பார்த்து, குழந்தைக்கு மருந்து கொடுப்பதற்கா என்று கேட்பார்கள்.

ஒரகடத்தில் ஒரு மாடி அறை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த பையன்கள் அங்கே சேர்ந்து தங்கி, முறை வைத்துச் சமைத்தார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் போனால் பாதிப் பேர் தூங்குவார்கள், பாதிப் பேர் வெங்காயம் நறுக்குவார்கள். அந்த அறையின் வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. ஈர யூனிஃபார்ம், ஊறுகாய், கருகிய கடுகு, எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை. எப்போது போனாலும் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள். அன்று சமையல் முறைக்காரனிடம் கரண்டியை நீட்டி, முட்டைக் குழம்புக்கு எண்ணெய் எவ்வளவு என்று கேட்டேன். அவன் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அளவுல்லாம் கெடையாது சார். எவனாவது 'போதும்ல'ன்னு சத்தம் போடுத வரைக்கும் ஊத்துவோம்."

தவக்காலம்

ஒரு மாதம், கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைந்த ஒரு கிராமத்திலிருந்து அருமையான விவரங்கள் வந்தன. இறைச்சி இல்லை, வறுவல் இல்லை, இரவுக்குக் கஞ்சி. சென்னையிலிருந்து எங்கள் ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மா, பார்த்தீர்களா, விழிப்புணர்வு வந்துவிட்டது என்று போனில் மகிழ்ந்தார். எனக்கும் பெருமையாக இருந்தது. நாங்கள் ஒட்டிய நோட்டீஸைப் படித்துத் திருந்திவிட்டார்கள் என்றே நினைத்தேன். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரிடம் இதைச் சொல்லிப் பாராட்டினேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"இது தவக்காலம் சார். ஈஸ்டருக்கு மறுநாள் வந்து எழுதுங்க, எங்க ஊரு இன்னான்னு தெரியும்."

இரண்டு நிற மூடி

பிறகுதான் பெரிய வேலை வந்தது. வீடுகளுக்கு நாங்களே எண்ணெய் கொடுத்து, அதில் மட்டும் சமைக்கச் சொல்லி, வீட்டுக்காரரின் ரத்தத்தில் கொழுப்பு என்ன ஆகிறது என்று பார்ப்பது. சில வீடுகளுக்குப் பச்சை மூடி கேன், சில வீடுகளுக்கு வெள்ளை மூடி கேன். இரண்டும் மணமில்லாமல் சுத்திகரித்தவை. எது என்ன எண்ணெய் என்று எங்களுக்கும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு சொன்னார்கள். அதை இங்கே எழுத மாட்டேன். நாளைக்கே உங்களில் யாராவது கடைக்கு ஓடினால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

படப்பையைத் தாண்டி ஒரு காம்பவுண்டில் வரிசையாக வீடுகள். நடுவில் பொதுக் குழாய். ஒரு வீட்டில் தாளித்தால் எல்லா வீட்டிலும் தும்மல். இதில் மல்லிகா வீட்டுக்குப் பச்சை மூடி, அடுத்திருந்த ஸ்டெல்லா வீட்டுக்கு வெள்ளை மூடி. ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது, கடன் கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னோம். ஒரு நாள் போனபோது ஸ்டெல்லா வீட்டு வாசலில் பச்சை மூடி ஒன்று வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மல்லிகாவிடம் போய்க் கேட்டேன். அந்தம்மாளுக்கு என் மேல் நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"வெள்ளிக்கெழம குடுக்க மாட்டேன் சார், வெளக்கு வெச்சப்புறம் குடுக்க மாட்டேன். மத்த நேரத்துல பக்கத்து வூட்டுக்காரி டம்ளர எடுத்துகினு வந்து நின்னா எண்ணெ இல்லன்னு எப்டி சார் சொல்றது?"

ஆன்டனியின் ரத்தம்

ஸ்டெல்லாவின் கணவர் ஆன்டனி, உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கம்பெனி மெடிக்கலில் ரத்தத்தில் கொழுப்பு மிக அதிகம் என்று எழுதிவிட்டார்கள். அடுத்த மெடிக்கலுக்குள் குறையாவிட்டால் வண்டியிலிருந்து இறக்கி லோடிங்கில் போடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அதனால் அந்தக் காம்பவுண்டிலேயே அக்கறையாகக் கையை நீட்டியவர் அவர்தான். ஊசியைப் பார்த்தால் மட்டும் பயம். செல்வி சிரிஞ்சை எடுத்தால் சுவரில் இருக்கும் மாதா படத்தைப் பார்த்துக்கொண்டு, "சிஸ்டர், லோடு வண்டி ரிவர்ஸ்ல வர்ற மாதிரி கீது" என்பார்.

அடுத்த முறை எடுத்தபோது கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. அதற்கடுத்த முறை இன்னும். காம்பவுண்டில் வேறு யாருக்கும் இப்படி இறங்கவில்லை. ஆன்டனிக்கு வண்டி நிலைத்தது. டாக்டரம்மா போகிற கூட்டத்திலெல்லாம் இந்த வீட்டைப் பற்றிப் பேசினார். நான்தான் அந்தப் பச்சை மூடியை மறக்க முடியாமல் இருந்தேன். ஸ்டெல்லாவிடம் நேராகவே கேட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சொன்னார். "மாதா மேல சத்தியமா சார், எங்க வூட்ல வெள்ள மூடிதான். வேற ஒரு சொட்டு ஊத்தல." சத்தியம் செய்தவரை மேலே என்ன கேட்பது? மூடியையும் மல்லிகா சொன்னதையும் சத்தியத்தையும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"மூடி காத்துல கூடப் பறந்து வந்திருக்கும். ஒரு குடும்பத்துக்காரி சத்தியம் பண்ணியும் நம்பலைன்னா, நாம வேற தொழில்தான் பார்க்கணும்."

எது நல்லது

ஆராய்ச்சி முடிந்தது. கேன்கள் நின்றன. செல்வி கல்யாணமாகி வெளிநாடு போனாள். நான் அலுவலக வேலைக்கு மாறினேன். ஆனாலும் அந்தப் பக்கம் போனால் யாராவது அடையாளம் கண்டு பிடித்துக்கொள்வார்கள். ஒரு வருஷம் தேங்காய் எண்ணெய் விஷம் என்று செய்தி வரும், இன்னொரு வருஷம் அதுவே அமிர்தம் என்று வரும். நெய் கூடாது என்பார்கள், பிறகு நெய்தான் கூடும் என்பார்கள். எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். நானும் சொன்னேன். அளவாக எதைச் சாப்பிட்டாலும் நல்லது என்பேன். சொல்லும்போதே, இதைச் சொல்லவா இத்தனை வருஷம் தெருத் தெருவாக அலைந்தோம் என்று எனக்குள் கேட்கும். ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் வாழைக்காய் பஜ்ஜி போடும் ஒரு அம்மா நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, காகிதத்தில் எண்ணெயை ஒற்றி எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீங்க ஒரு முடிவுக்கு வர்றதுக்குள்ள என் பஜ்ஜி ஆறிடும் சார்."

வாலாஜாபாத்தில் ஒரு ஞாயிறு

வசந்தாவின் கேள்விக்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. ஸ்டெல்லா சொன்னது உண்மையென்றால் வெள்ளை மூடி எண்ணெயை நானும் நம்பிச் சாப்பிடலாம். பொய்யென்றால் என் உத்தியோகத்தில் உருப்படியாக நடந்தது என்று நான் நினைத்த அந்த ஒன்றும் போயிற்று. என் நெஞ்சுக்கும் வழி இல்லை. மல்லிகாவைக் கண்டுபிடித்து விசாரித்ததில், ஸ்டெல்லா குடும்பம் வாலாஜாபாத்தில் வீடு கட்டிப் போய்விட்டதாகச் சொன்னார். கோயிலில் பூசை முடிந்து அவர்கள் திரும்பும் நேரமாகப் பார்த்துப் போனேன்.

ஆன்டனி முருங்கை மரத்தில் ஏணியைச் சாய்த்து ஏறி நின்றுகொண்டிருந்தார். மேலிருந்தே என்னை அடையாளம் கண்டார். "ஸ்டெல்லா, எண்ணெ சார் வந்துகீறாரு!" இறங்கி வந்தவருக்கு மூச்சு வாங்கவில்லை. வாசல் படி ஏறிய எனக்குத்தான் வாங்கியது. செல்வியைக் கேட்டார்கள், டாக்டரம்மாவைக் கேட்டார்கள், காம்பவுண்டில் யார் யார் செத்துப்போனார்கள், யார் பெண்ணுக்கு எங்கே கல்யாணம் என்று சொன்னார்கள். அந்தப் பொதுக் குழாயின் சத்தம் இப்போதும் கனவில் வருகிறது என்றார் ஸ்டெல்லா. எனக்கும் வரும் என்றேன். பிறகு நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். ரிப்போர்ட்டைச் சொன்னேன். அந்தப் பச்சை மூடியைக் கேட்டேன்.

ஸ்டெல்லா கொஞ்சமும் தயங்கவில்லை. "கலந்துதான் சார் ஊத்துனேன். மல்லிகா எங்கிட்ட வாங்குவா, நான் அவகிட்ட வாங்குவேன். எந்தக் கேனு எவ வூட்டுதுன்னே தெரியாது."

"அப்போ மாதா மேல சத்தியம்?"

"உண்மைய சொன்னா எண்ணெய நிறுத்திடுவீங்க, இவுரு ரத்தத்த யாரு பாக்கறது? பயத்துல பண்ணிட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழமையே கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். ஃபாதர் அப்பவே மன்னிச்சுட்டாரு. நீங்கதான் சார் இத்தினி வருசமா மனசுல வெச்சுகினு கீறீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு கொஞ்சம் பயமும் வந்தது. அப்படியானால் கொழுப்பு எப்படி இறங்கியது? "அந்த வருசம் நைட் ஷிப்ட்லேர்ந்து டே ஷிப்ட்டுக்கு மாத்துனாங்க சார், நல்ல தூக்கம்" என்றார் ஆன்டனி. "தூக்கமா? வேளாங்கண்ணிக்கு நடந்து வரேன்னு நான் வேண்டிகினேன், அதான் எறங்குச்சு" என்றார் ஸ்டெல்லா. "வேண்டிகினது நீ, நடந்தது நானு!" என்றார் ஆன்டனி. ஆன்டனி அதோடு விடவில்லை. "கம்பெனி கேட் கடை பரோட்டாவ யாரு நிறுத்துனது? அதுவும் நானா, மாதாவா?" இருவரும் என்னை மறந்துவிட்டுச் சண்டை போட்டார்கள். தூக்கமா, நடையா, பரோட்டாவா, மாதாவா என்று அவர்களுக்கே தெரியவில்லை. இனி யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. உள்ளே அடுப்பில் ஏதோ தாளிக்கும் சத்தம் கேட்டது. சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று மருமகள் இலை போட்டுவிட்டாள். அறுபதை நெருங்கும் ஆன்டனி, பறித்த முருங்கைக்காயைக் கட்டு கட்டி என் பைக்கு அருகில் வைத்துக்கொண்டிருந்தார்.

பாதி வாழ்க்கையை ஊரார் சாப்பாட்டைத் துருவிக் கேட்பதிலேயே கழித்துச் சம்பளமும் வாங்கிய நான், இலை முன்னால் உட்கார்ந்து ஸ்டெல்லாவிடம் கடைசியாகக் கேட்டது, மளிகைக் கடை வாசலில் நிற்கிற எந்த மனிதனும் கேட்கிற கேள்வியைத்தான்: "அது கெடக்கட்டும்மா, இப்போ இந்த வீட்டுல என்ன எண்ணெய் வாங்குறீங்க?"