காரம்மாவின் பத்தியச் சோறு

காலைப் பெரட்டில், வரிசையாக நின்ற ஆட்களின் பெயர்களைக் கூப்பிட்டு முடித்த பிறகும், யாரையும் வேலைக்குப் போகச் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தார் கங்காணி. ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியிலிருந்து ஆபீசுக்கு டெலிபோன் வந்திருந்தது. "நம்ம காரம்மா போயிட்டாங்க," என்றார். பெண்கள் ரப்பர் பால் வாளிகளைக் கீழே வைத்துவிட்டு அழுதார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக மருந்து கொடுக்கும் எனக்கு அவருக்குக் கண்டிருந்த காய்ச்சலின் போக்குத் தெரியும். ஆனாலும் மனம் ஏற்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலாயாவில் காஹாங் பக்கத்திலுள்ள எங்கள் ரப்பர் தோட்டத்துத் துரையின் மனைவி அவர். டென்மார்க் தேசத்தவர். பெயர் காரென். எங்கள் வாயில் அது காரம்மா ஆகிவிட்டது. மிளகாய் வாசனையே அறியாதவருக்கு இப்படி ஒரு பெயர்! அர்த்தம் தெரிந்த அன்று விழுந்து விழுந்து சிரித்தார். கோபத்தைப் பொறுத்தவரை பெயர் பொருத்தம்தான். அவருடைய வாய்க்குத் துரையே பயப்படுவார்.

வேகவைத்த மீன், வேகவைத்த உருளைக்கிழங்கு, மேலே மாவும் பாலும் கரைத்த வெள்ளைக் குழம்பு. அதுதான் அவர் ஊர்ச் சாப்பாடு. உப்புச் சப்பில்லாத சாப்பாடு என்று மற்ற தோட்டத்து வெள்ளைக்காரர்களே கேலி செய்வார்களாம். துரையும் இங்கே வந்து சில வருடங்களில் சமையல்காரர் காதர் பாயின் மீன் கறிக்கு மாறிவிட்டார். அம்மையார் தாம் சமைத்ததைத் தாமே தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். "மீனுக்கு மீன் ருசி இருக்கு, டிரஸ்ஸர். நீங்க அதைப் புளியில ஒளிச்சு வெக்கிறீங்க," என்பார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பெண்களிடம் கற்ற தமிழ் அது. தம் கையால் ஆக்கியதை ஒருவராவது விரும்பிச் சாப்பிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியாது.

ஒரு கிறிஸ்துமஸுக்கு லயம் முழுவதற்கும் பால்சோறு ஆக்கினார். அரிசியைப் பாலில் குழைய வேகவிட்டு, சர்க்கரையும் பட்டைத் தூளும் தூவி, நடுவில் குழி பறித்து வெண்ணெய் வைப்பார்கள். அது இல்லாமல் அவர்கள் ஊரில் பண்டிகையே இல்லையாம். வீடு வீடாகத் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். நானும் கூடப் போனேன். எல்லாரும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது, பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் முனியம்மா அதைக் கால்வாயில் கொட்டுவதை அம்மையார் பார்த்துவிட்டார்.

"ஏன் முனியம்மா கொட்டுறே?"

முனியம்மா பாத்திரத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "வீட்ல யாருக்கும் சீக்கு இல்லீங்கம்மா. பத்தியச் சோறு எதுக்குன்னுதான்..."

"பத்தியம்னா என்ன?"

"காரம் புளி இல்லாம காய்ச்சக்காரங்களுக்கு, பிள்ளை பெத்தவங்களுக்கு ஆக்கிப் போடுறதுங்க. பெத்த தாய் பக்கத்துல உக்காந்து ஊட்டுவாங்க."

அம்மையாரின் முகம் சிவந்துவிட்டது. வசவு வரப்போகிறது என்று நினைத்தேன். "எங்கம்மாவும் எனக்கு அப்படித்தான் ஊட்டினாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பங்களாவுக்குப் போய்விட்டார். அதன்பின் லயத்துக்கு எதுவும் கொண்டுவரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் முனியம்மா பிள்ளை பெற்றாள். ஜன்னி கண்டு, எப்படியோ பிழைத்தாள். ஆனால் வாயில் எதுவும் வைக்க மாட்டேன் என்று சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். தாயோ கடலுக்கு அப்பால் சேலத்துப் பக்கம். கேள்விப்பட்ட அம்மையார் மூடிய சட்டியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, தலையை மடியில் தாங்கி, கரண்டியால் ஊட்டினார். முனியம்மா ஒரு வாய் விழுங்கினாள். "உப்பு பத்தலம்மா," என்றாள் மெல்ல. சொல்லிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தாள்.

"பாத்தீங்களா டிரஸ்ஸர், கேக்குறா!" என்று என் பக்கம் திரும்பினார் அம்மையார். கண்கள் நிறைந்திருந்தன.

அன்றிலிருந்து, தேறி வருகிறவர்களுக்கெல்லாம் அவருடைய பால்சோறுதான். "காரம்மா பத்தியம் முடிஞ்சுதா?" என்றுதான் லயத்தில் நோயாளிகளை விசாரிப்பார்கள். கேட்கும்போதெல்லாம் அவருக்குப் பெருமை தாங்காது.

சென்ற மாதம் அவருக்கே காய்ச்சல் கண்டது. ஜொகூர் பாருவுக்குக் கொண்டுபோகக் காரில் ஏற்றும்போது முனியம்மா சட்டியோடு ஓடி வந்தாள். குழி, வெண்ணெய், பட்டைத் தூள் எல்லாம் சரியாக இருந்தன. அம்மையாரால் தலையைத் தூக்க முடியவில்லை. முனியம்மா ஊட்டிய ஒரு கரண்டியை வெகு நேரம் வாயிலேயே வைத்திருந்தார். பிறகு, "உப்பு பத்தல," என்றார். சிரிக்கத்தான் முயன்றார். அவர் பேசி நான் கேட்டது அதுவே கடைசி.

அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். எங்களால் போக முடியவில்லை. படையலாவது போட வேண்டும் என்றார்கள் பெண்கள். கோழிக் கறி இல்லாமல் என்ன படையல் என்றார் கங்காணி. "அவங்க தொடாததை அவங்களுக்கு ஏன் வெக்கணும்?" என்று முனியம்மா சண்டைக்கு நின்றாள். கடைசியில் வாழையிலையில் பால்சோறு மட்டும் வைத்தோம். நடுவில் வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது.

கும்பிட்டு முடித்துப் பங்கு கொடுக்கும்போது, ஓரமாக நின்ற துரையும் வந்து கையை நீட்டினார். நின்றபடியே சாப்பிட்டார். மறுபடியும் நீட்டினார்.

சப்பென்றுதான் இருந்தது, அம்மா. ஆனால் யாரும் கொட்டவில்லை. சட்டி காலியாகிவிட்டது. நிம்மதியாகப் போய் வாருங்கள்.