கைராசி வேண்டாத நஃபீசா

நோட்டில் எழுதி முடித்த பிறகுதான் நஃபீசா கைக்கு ஸ்பிரிட் தடவுவாள். வெப்பம், மருந்தின் அளவு, நேரம் என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் அன்றைய தன் நிலைமை: ‘தலைவலி.’ ‘பஸ்ஸில் நின்றே வந்தேன்.’ ‘அம்மாவோடு சண்டை.’ பிறகு முழங்கை வரை ஸ்பிரிட் தடவி, கைகளைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பாள். அது காயும் வரை யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள்.

பெரம்பலூரில் சிறிய தோல் மருத்துவமனை. லப்பைக்குடிக்காட்டிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறாள். வெண்திட்டு உள்ளவரின் தொடையிலிருந்து டாக்டர் வேணுகோபால் தபால்தலை அளவு நல்ல தோலைச் சீவித் தருவார். அதை மருந்தில் ஊறவைத்து, குழாயை ஆட்டி, நிறம் தரும் செல்களைப் பிரித்தெடுப்பது இவள் வேலை. அன்றே அவற்றை அதே ஆளின் திட்டில் விட்டுக் கட்டுப்போடுவார்கள். கூடுதலாக ஆட்டினால் செல் சாகும்; குறைத்தால் பிரியாது. நீலச் சாயம் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செத்தவை நீலமாகத் தெரியும். நூற்றுக்கு எண்பதாவது உயிரோடு இருக்க வேண்டும்.

வருகிறவர்கள் எல்லாம் அவளைக் கைராசிக்காரி என்பார்கள். அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றப் பார்ப்பார்கள். வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள். “ராசியாவது! என் கை நல்லாருக்கிற அன்னிக்கு வந்தவங்களுக்கு ஒண்ணு, நல்லால்லாத அன்னிக்கு வந்தவங்களுக்கு ஒண்ணா?”

உடையார்பாளையத்து லாவண்யாவுக்கு அப்படித்தான் ஆனது. வலது புறங்கையில் திட்டு. கைக்குட்டை சுற்றாமல் அந்தப் பெண் பள்ளிக்கூடம் போனதில்லை. போன சித்திரையில் அவள் தோலைப் பிரித்தபோது எண்ணிக்கை ஐம்பத்தெட்டுதான் வந்தது. டாக்டர் கொட்டிவிடச் சொன்னார். நோட்டில் அன்றைய கடைசிக் கட்டம்: ‘அண்ணனுக்கு துபாயில் வேலை போச்சு. போன் வந்தது.’

2004 முதல் எழுதிய நோட்டுகளை எல்லாம் மேஜையில் விரித்துவைத்துத்தான் அவள் குழாயை ஆட்டும் மெஷின் கேட்டாள்.

“ஒன் கைக்குத் தொண்ணூத்திரெண்டு வந்திருக்கேம்மா,” என்றார் டாக்டர்.

“ஐம்பத்தெட்டும் வந்திருக்கு சார்.”

“மெஷின் வந்தா ஒனக்கு என்ன வேலை?”

“அதுக்கு நோட்டு எழுதணும்ல?”

பெட்டி மாதிரி ஒரு மெஷின் வந்தது. ஒரே சூடு, ஒரே ஆட்டம். நேரம் முடிந்ததும் தானே மருந்தின் வேகத்தை நிறுத்திவிடும். வேறு அறுவைகளில் மிஞ்சி, உரியவர்கள் சம்மதித்துக் கொடுத்த தோலில் பன்னிரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள். எண்பத்துநாலுக்குக் கீழே இறங்கவில்லை. எண்பத்தேழைத் தாண்டவும் இல்லை.

இன்று மறுபடி லாவண்யா. இதுதான் கடைசி, இனிமேல் கத்தி வைக்க விட மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் மேஜையில் படுத்தாள். பெட்டி நிதானமாக ஆடியது. இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும் போல நஃபீசாவுக்குப் பட்டது. விரல்கள் துடித்தன.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டர், “கடைசில நீயே ரெண்டு தட்டு தட்டிடேன்,” என்றார்.

நஃபீசா இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். மணி அடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

எண்பத்தாறு.

கடைசிக் கட்டத்தில் காலையிலேயே எழுதியிருந்தாள்: ‘கை நடுங்குகிறது.’ அதன் பக்கத்தில் 86 என்று எழுதிவிட்டு வெளியே வந்தாள். லாவண்யாவின் அம்மா பொன்னம்மாள் ஓடிவந்து அவள் கைகளைப் பிடித்தாள்.

“என்னா தாயி, கையி இப்புடி நடுங்குது?”

“நடுங்கட்டும்மா. இப்ப நடுங்கினா ஒண்ணும் கெட்டுப்போவாது.”

பொன்னம்மாள் அந்தக் கைகளைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். நஃபீசா இழுத்துக்கொள்ளவில்லை.