வாலில் நீல விளக்கு இல்லாத கப்பல்

நௌஃபல் அண்ணனுக்கு இரண்டு வேலை. ஸ்ஃபாக்ஸ் ஊர் வேன் நிலையத்திலிருந்து பக்கத்து ஊரான காபெஸுக்கு வேன் ஓட்டுவது ஒன்று. எட்டுப் பேர் சேர்ந்தால்தான் வண்டி நகரும். எட்டாவது ஆள் வரும்வரை எதிரே இருக்கிற கம்ப்யூட்டர் கடையில் விண்வெளிப் போர் நடத்துவது இன்னொன்று. இதில் பிழைப்பு எது என்று அவர் மனைவிக்கே குழப்பம்.

அந்த விளையாட்டில் ஆரம்பத்திலேயே அணிக்கொரு தலைமைக் கப்பல் இனாம். சண்டைக் கப்பல், ரிப்பேர் கப்பல், இரண்டில் ஒன்றை எடுக்கலாம். பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ரிப்பேர் கப்பலின் வாலில் மட்டும் குண்டூசித் தலையளவு நீல விளக்கு. நௌஃபல் அண்ணன் எப்போதும் ரிப்பேர்தான் எடுப்பார். காரணம் ஷாத்லி பெரியப்பா.

பெரியப்பாவும் வேன் ஓட்டியவர்தான். கண் மங்கி லைசென்ஸ் போய்விட்டது. இப்போது திரையில் மூக்கு இடிக்க உட்கார்ந்து குட்டிக் கப்பல்கள் ஓட்டுகிறார். ஓட்ட அவருக்கு மிச்சம் இருந்தது அவ்வளவுதான். அடிபட்டால் நேரே அண்ணன் கப்பலின் பின்னால் போய் ஒண்டிக்கொள்வார்; அது சரிசெய்துவிடும்.

சனிக்கிழமை காபெஸ் டிரைவர்களோடு போட்டி. அதே அணியில் ஆடும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னண்ணே, இன்னிக்கும் ஆம்புலன்ஸா? சுட்டா அண்ணி அடிக்குமா?"

கடையே சிரித்தது. அண்ணன் காது சிவந்து சண்டைக் கப்பலை அமுக்கினார். கப்பலை மாற்றியதைப் பெரியப்பாவிடம் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயில் நான் ஹரிஸ்ஸா மிளகாய் விழுது தடவிய ரொட்டியைத் திணித்தேன். காரம் இறங்குவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது.

அண்ணன் சுட்டார், நன்றாகவே சுட்டார். பெரியப்பாவின் கப்பல்கள் புகையோடு அவர் பின்னால் வந்து நின்றன.

"வந்துட்டேன்டா, சரிபண்ணு!"

அண்ணன் சுட்டுக்கொண்டே இருந்தார். குட்டிக் கப்பல்கள் நின்ற இடத்திலேயே ஒவ்வொன்றாக வெடித்தன. தோற்றோம்.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். "விளக்கைத் தேடித் தேடிப் பாத்தேன்டா, தெரியவே இல்ல. உன் கப்பலாச்சே, இருக்கும்னு நின்னுட்டேன். என் கண்ணு அவ்வளவுதான். இனிமே வரலப்பா."

வெளியே கத்தினார்கள். "எட்டு பேர் ஆச்சு! டிரைவர் எங்கய்யா?"

தப்பிக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது. அண்ணன் போய் வண்டியைக் கிளப்பினார். அது அங்கேயே நின்று உறுமிக்கொண்டிருந்தது. பிறகு இறங்கித் திரும்பி வந்து பெரியப்பா முன்னால் நின்றார்.

"அண்ணே, விளக்கே கிடையாது. நான் மாத்தி எடுத்துட்டேன். உங்ககிட்ட சொல்லல."

"அப்ப என் கண்ணு?"

"சரியாத்தான் பாத்திருக்கு."

பெரியப்பா கழற்றிய கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். "போடா, ஜனங்க காத்திருக்காங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அண்ணன் தலை நிமிராமல் போனார்.

ஆரம்பித்து வைத்தது நான்தான். அண்ணனின் நாற்காலியில் போய் உட்கார்ந்து ரிப்பேர் கப்பலை அமுக்கினேன்.

"பெரியப்பா, நீல விளக்கு! தெரியுதா?"

அவர் மெல்லக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"தெரியுது, தெரியுது. கத்தாத."