ஆடி பிறப்பதற்குள் ஒரு கல்லூரி

1981-ஆம் வருஷம் ஜூலை பதினைந்தாம் தேதி, புதன்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிஷம். மழை இல்லை. ஆனால் மலையின் மேல்பாதியைக் காணவில்லை, மேகம் விழுங்கியிருந்தது. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் அப்பாவும் நானும் நின்றுகொண்டிருந்தோம். என் கையில் துணிக்கடைப் பை. அதற்குள் ப்ளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், டி.சி., நன்னடத்தைச் சான்றிதழ் ஆகிய மூன்று காகிதங்கள். மூன்றும் அசல். பையை மார்போடு அணைத்துக்கொள்ளும்படி அப்பா சொல்லியிருந்தார். அணைத்துக்கொண்டுதான் நின்றேன். இருந்தும் நிமிஷத்துக்கு ஒருமுறை உள்ளே கைவிட்டு மூன்றும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தேன்.

இந்த வருஷம் பக்கத்து வீட்டுப் பெண் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். கைப்பேசியில் கல்லூரிப் பெயர்களை விரலால் இழுத்து மேலே வைக்கிறாள், கீழே வைக்கிறாள். பிடிக்காவிட்டால் மறுபடி மாற்றிக்கொள்கிறாள். அசல் காகிதம் எதையும் யாரிடமும் கொடுக்கவில்லை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் காலத்தில் விண்ணப்பப் பட்டியலைப் போட்டது என் தாய்மாமா. தலைமைத் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை அவருக்கு. எந்த ஊரில் எந்தக் கல்லூரி இருக்கிறது என்பது, அவற்றுக்குப் போகும் உறைகளைப் பார்த்தே அவருக்குத் தெரியும். ப்ளஸ் டூ என்ற படிப்பே அப்போதுதான் வந்திருந்தது. எங்களுக்கு முன் ஒரே ஒரு வகுப்பு எழுதியிருந்தது. ஆகவே யாரிடமும் கேட்க வழியில்லை. மாமா சொன்னதே சட்டம்.

"ஆசைக்கு ரெண்டு, மானத்துக்கு ரெண்டு, வயித்துக்கு ஒண்ணு" என்றார் மாமா, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு. "எல்லாத்தயும் ஆசைக்கே போட்டா தெருவுல நிப்பான். எல்லாத்தயும் வயித்துக்கே போட்டா காலம்பூரா நம்மள திட்டுவான்."

"போறது ஒரே பையன்தான? அதுக்கு எதுக்குடா அஞ்சு காலேஜு?" என்று அம்மா கேட்டாள்.

"நீ பொண்ணு பாக்கப் போனா ஒரே வூட்டோட வந்துடுவியா?"

அஞ்சு என்று முடிவாயிற்று.

ஆசைக்கு இரண்டு என்றால் சென்னையில் ஒன்று, திருச்சியில் ஒன்று. சென்னைக் கல்லூரியில் புள்ளியியல் என்று ஒரு பாடம் இருந்தது. அப்படி ஒரு படிப்பு உண்டு என்று தெரிந்த நாளில் அந்தப் பெயரை நோட்டில் எழுதி எழுதிப் பார்த்தேன். கோபுரத்து நிலைகளை, கிரிவலம் போகிறவர்களை, ரேஷன் கடை வரிசையை, வீட்டுக் கூரையின் ஓடுகளை எண்ணிக்கொண்டே வளர்ந்தவன் நான். எண்ணாதே என்று திட்டு வாங்கியவன். எண்ணுவதற்கென்றே ஒரு பட்டம் கொடுக்கிறார்கள் என்றால்? மானத்துக்கு, வேலூரில் ஒன்றும் உள்ளூர் அரசுக் கல்லூரியும். வயிற்றுக்கு, இரண்டு பஸ் மாறிப் போகும் ஓர் ஊரில் வயல் நடுவே புதிதாக எழும்பியிருந்த தனியார் கல்லூரி. பணம் கட்டினால் யாரையும் சேர்த்துக்கொள்வார்கள் என்று மாமா சொன்னார். அங்கே எனக்கு வரலாறுதான் கிடைக்கும்.

"வரலாறுன்னா இன்னா, தேதிங்கள எண்ணிக்கினு கெட" என்றார் மாமா. நான் சிரிக்கவில்லை.

மதிப்பெண் நகல்களைத் தட்டச்சுப் பள்ளியில் அடித்து வாங்கினோம். அவற்றுக்குச் சான்று கையெழுத்து போட அதிகாரி வேண்டும். மாமாவுக்குத் தெரிந்த ஒரே அதிகாரி மாட்டாஸ்பத்திரி டாக்டர். கன்றுக்கு ஊசி போட்ட கையோடு என் கணக்கு மார்க்கு நூற்று எண்பத்தெட்டு உண்மைதான் என்று அவர் உறுதிப்படுத்தினார். ஐந்து உறைகளும் ஒரே நாளில் போயின. மாமாவே முத்திரை குத்தினார்.

மாமா ஒன்றை யோசிக்கவில்லை. ஆசைக்குப் போட்டது முதலில் பதில் சொல்லும், அது இல்லையென்றால் மானம், அதுவும் இல்லையென்றால் வயிறு என்று படிக்கட்டு போல எல்லாம் நடக்கும் என நினைத்துவிட்டார். நடந்தது தலைகீழ். யாருக்கும் வேண்டாத கல்லூரிக்குத்தான் அவசரம். அதன் அட்டை பத்தே நாளில் வந்துவிட்டது. மற்ற நான்கும் வாயைத் திறக்கவில்லை. உள்ளூர்க் கல்லூரியில் பட்டியல் ஒட்டிவிட்டார்களா என்று தினம் போய்ப் பார்த்தேன். பலகையில் போன வருஷத்துப் பரீட்சை அட்டவணை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

பொறுத்திருப்போம் என்றார் மாமா. அப்பாதான் கேட்கவில்லை. அப்பா மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதினார். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். சாதாரணமாக அவர் எதிலும் அவசரப்படாதவர். சாப்பிடும்போதுகூட அடுத்த உருண்டையை யோசித்துத்தான் எடுப்பார். அப்படிப்பட்டவர் அந்த ஒரு வாரமாக நாட்காட்டியை விட்டு நகரவில்லை.

"வியாழக்கெழம ஆடி பொறக்குது. ஆடியில எதையும் புதுசா ஆரம்பிக்கக் கூடாது. புதங்கெழம வளர்பிற, ராகுகாலம் பன்னெண்டுக்குத்தான். அதுக்குள்ள பணத்த கட்டிச் சேத்துடணும்."

"இன்னா மாமா நீ," என்றார் என் மாமா. அவரும் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். "காலேஜுக்கு ஏது ஆடி, ஆவணி? மெட்ராஸ்லேந்து கார்டு வந்துட்டா?"

"வந்தா பாத்துக்கலாம்."

அம்மாவின் சீட்டுப் பணம் அப்பாவின் உள்சட்டைப் பைக்குப் போனது. ஆனியின் கடைசி நாளில் நாங்கள் பஸ் ஏறினோம். பதினொன்றே காலுக்கு, வயல் நடுவே சுண்ணாம்பு வாசனை போகாத ஓர் அறையில், அப்பா இருநூற்று நாற்பத்தைந்து ரூபாய் கட்டினார். எழுத்தர் மூன்று அசல்களையும் வாங்கி, குண்டூசி குத்தி, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் அரைஞாணில் தொங்கியது. பை லேசாகிவிட்டது. திரும்பும்போது அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை மாமா சைக்கிளில் வந்தார். வேலை நேரத்தில் அவர் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. கையில் சென்னைக் கல்லூரியின் அட்டை. புள்ளியியல், நேர்முகம், வியாழக்கிழமை காலை பத்து மணி. அசல் சான்றிதழ்கள் இல்லாமல் வருவோரைப் பரிசீலிக்க இயலாது என்று அடியில் கோடிட்டு எழுதியிருந்தது. அந்த வரியை நான் பலமுறை படித்தேன். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகள்தான் இருந்தன.

அன்றே மறுபடி இரண்டு பஸ் மாறினோம். எழுத்தர் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"சேந்து ஒரு வாரம்கூட ஆவல. அதுக்குள்ள டி.சி. குடுன்னா எப்டிங்க? இந்த வருஷத்துக் கட்டணம் பாக்கி முந்நூத்தி அறுவது இருக்குது. கட்டிட்டு வாங்கிக்குங்க. மேனேஜர் சொல்லிக்கிறது அதான்."

"பையன் இங்க படிக்கவே இல்லீங்களே."

"சீட்டு போச்சில்ல? அந்த சீட்ட நான் யாருக்குக் குடுக்கறது?"

அந்த வகுப்பில் இருபதுக்கும் மேல் இடம் காலியாக இருந்தது என்று எனக்குத் தெரியும். ஜன்னல் வழியாகப் பெஞ்சுகளை எண்ணியிருந்தேன். சொல்லவில்லை. அப்பாவின் மாதச் சம்பளம் நூற்றுத் தொண்ணூறு. அவர் கையைக் கட்டிக்கொண்டு, "யோசிச்சிட்டு வர்றேங்க" என்றார். பஸ்ஸில் யோசித்ததாகத் தெரியவில்லை. கண்ணைத் திறந்தபடி எதிர் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை என்னையும் அழைத்துக்கொண்டு மண்டிக்குப் போனார். நான் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். பணம் கிடைத்துவிடும் என்றும், அன்றே டி.சி.யை வாங்கிவிட்டால் புதன் ராத்திரி பஸ்ஸில் சென்னை போய்விடலாம் என்றும் மனசுக்குள் அட்டவணையே போட்டுவிட்டேன்.

மண்டிக்குள் மல்லாட்டைத் தூசு தொண்டையைக் கட்டியது. பாய் விரித்து, சாய்வுப் பெட்டிகளுக்குப் பின்னால் இரண்டு கணக்கர்கள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பெட்டி அப்பாவுடையது. முதலாளி கல்லாவுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர் என்று ஊரில் பெயர். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இன்னாடா, மெட்ராஸ்காரரே! கார்டு வந்துச்சாமே?"

எனக்கு வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன. அப்பா தணிந்த குரலில், முந்நூற்று அறுபது ரூபாய் முன்பணமாக வேண்டும், மாதம் இருபது இருபதாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று சொன்னார்.

"பணத்துக்கு இன்னா? எடுத்துக்கோ." முதலாளி கல்லாவை இழுத்து நோட்டுகளை எண்ணினார். நானும் கூடவே எண்ணினேன். சரியாக இருந்தது. பெட்டியின் மேல் வைத்து, அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். "பையன் போய் நல்லாப் படிக்கட்டும். லீவு வுட்டா இங்க வந்து உக்காந்து எழுதட்டும். படிச்சி முடிச்சிட்டு வேற எங்க போவப் போறான்? நம்மகிட்டதான் வருவான். நாலாவது பெட்டி ஒண்ணு செஞ்சிக்கினா போச்சு."

அப்பா தன்னுடைய மூன்றாவது பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆனி கடசி நாளு நல்ல நாளு, பையன கொண்டாந்து உக்கார வையின்னு சொல்லி வச்சிருந்தேன். நீ அன்னைக்குன்னு பாத்து லீவு போட்டுட்டுப் போய்ட்ட. நான் எதுனா கேட்டனா? கேக்க மாட்டேன். நம்ம வூட்டுப் புள்ள அவன்."

பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த இரண்டு பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். யாரும் தலை நிமிரவில்லை. அப்பா அந்த நோட்டுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"வேணாங்க."

"இன்னா வேணாம்?"

"பணம் வேணாங்க. காலேஜுல சேத்துட்டேன். சேத்தது சேத்ததாவே இருக்கட்டும்."

"ரோஷமாடா?"

"ரோஷம்லாம் ஒண்ணும் இல்லீங்க. மெட்ராஸ் தண்ணி அவனுக்கு ஒத்துக்காது."

நான் அதுவரை மெட்ராஸைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. முதலாளி சிரித்தார். நோட்டுகள் திரும்பக் கல்லாவுக்குள் போயின. போகும்போதும் எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை. அந்த வருஷம் தீபாவளிக்கு மண்டியிலிருந்து அப்பாவுக்கு மட்டும் வேட்டி வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

வெளியே வந்ததும், "ஏம்பா? குடுத்தாரே?" என்றேன்.

"வெயில் ஏறுது. நட."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நான் வீட்டில் படுத்திருந்தேன். பத்தரைக்கும் படுத்திருந்தேன். சென்னையில் என் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள், இரண்டாவது தடவையும் கூப்பிட்டிருப்பார்கள், பிறகு அடுத்த பெயருக்குப் போயிருப்பார்கள். ஆடி மாதத்தைப் பார்த்து மகனின் வாழ்க்கையைக் கெடுத்த மனுஷர் என்று அப்பாவை மனசுக்குள் எழுதி வைத்தேன். திருச்சியிலிருந்து பதிலே வரவில்லை. வேலூரிலிருந்து வந்ததைப் பிரிக்கவில்லை. உள்ளூர்க் கல்லூரியில் பட்டியல் ஒட்டினார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதில் என் பெயர் இருந்ததா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. வயல் நடுவே மூன்று வருஷம் வரலாறு படித்தேன். பிறகு கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் உர மூட்டைகளை எண்ணும் வேலையில் சேர்ந்து, அதிலேயே ஓய்வும் பெற்றேன். புள்ளியியல் புத்தகம் ஒன்றைக்கூட இன்றுவரை பிரித்ததில்லை.

அப்பாவை மண்டியில் உட்கார வைத்தபோது அவருக்கு வயது பதினான்கு. அவருடைய அப்பா அதே கல்லாவிலிருந்து ஏதோ ஒரு கல்யாணத்துக்காகக் கைமாற்று வாங்கியிருந்தார். அதையும் நல்ல நாள் பார்த்துத்தான் செய்தார்கள். பக்கத்துப் பெட்டிக்காரர்கள் இரண்டு பேரும் அப்படி வந்து உட்கார்ந்தவர்களே. அப்பா போன பிறகு ஒருநாள் மாமா இதையெல்லாம் சாதாரணமாக, டீ ஆறுகிறதே என்பது போலச் சொன்னார். ஒரு முதலாளியிடம் மாட்டேன் என்று சொல்ல முடியாதவர், ஏற்கெனவே சேர்த்துவிட்டேன் என்று சொல்வதற்காக, கிடைத்த முதல் கதவுக்குள் மகனைத் தள்ளிவிட்டு ஓடி வந்திருக்கிறார். அந்தக் காலையில் மண்டி வாசலில் நின்ற பையனுக்குத் தெரிந்ததெல்லாம், பணம் கண்ணெதிரே இருந்தது, அப்பா வாங்கவில்லை என்பது மட்டும்தான்.

அப்பா வாங்கியிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற ராத்திரிகள் எனக்கு இப்போதும் உண்டு. வாங்காமல் விட்ட அந்தத் தொகையைச் செலவில் சேர்ப்பதா, வரவில் வைப்பதா என்று தெரியவில்லை. அதை விட்டுவிட்டுப் பார்த்தால், விண்ணப்பங்களுக்குப் பதினாறு ரூபாய், தபாலுக்குப் பதினொன்று முப்பது, தட்டச்சுக்கு ஏழு ஐம்பது, இரண்டு தடவை இரண்டு பேர் போய்வந்த பஸ்ஸுக்கு இருபத்திரண்டு நாற்பது, கல்லூரிக்குக் கட்டியது இருநூற்று நாற்பத்தைந்து. ஆக மொத்தம் முந்நூற்று இரண்டு ரூபாய் இருபது காசு.